மெல்லிய சூட்டில் ஓர் இனிப்பு



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிற் பேச வருகின்றார் என்றால், பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றியோ மாணவர் ஒழுக்கத்தைப் பற்றியோ பேசப் போகின்றார் என்றே கேட்போர் எதிர்பார்ப்பர். வானொலிப் பெட்டியின் ஓசையைக் குறைப்பதற்குக் கையை நீட்டியவர்களும் சிலர் இருப்பர். அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இன்று நான் பேசவிருப்பது சொக்கலேற் ஃபட்ஜ் என்னும் தின்பண்டத்தைப் பற்றி. அதனை ஸ்லோ குக்கர் என்னும் மின்சாரக் கலத்திலே, அடுப்பு மூட்டாமல், பாகு காய்ச்சாமல், வீட்டில் உள்ள எவரும் எளிதிற் செய்துகொள்ளும் முறையைப் பற்றி.

கலைப் பட்டதாரியாகிய எனக்கும் அடுக்களைக்கும் என்ன உறவு என வினவலாம். உறவு உண்டு. சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் நாள் எங்கள் வீட்டிலே அம்மா பால் ரொபி கிண்டுவார். ரின்பாலும் சீனியும் சிறிது தண்ணீரும் தாச்சியில் ஏறிவிட்டால், பிள்ளைகள் எவரும் அடுப்பை அணுகுதல் கூடாது. பாகின் பதத்தை அவர் வெப்பமானி கொண்டு பார்த்ததில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துளியை விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். தாச்சியின் ஓரத்திலே வெண்மையாகப் பூத்து வருகின்றதா என்று பார்ப்பார். அகப்பை இழுத்த இடத்தில் தாச்சியின் அடி தெரிகின்றதா என்று பார்ப்பார். இம்மூன்றும் ஒன்றுகூடும் வேளையில் இறக்கி, கஜுவும் வனிலாவும் சேர்த்து, பட்டர் பூசிய தட்டிற் கொட்டிவிடுவார். அரை நிமிடம் பிந்தினால் தாச்சியிலேயே கல்லாய் இறுகும். அரை நிமிடம் முந்தினால் தட்டில் என்றைக்கும் இறுகாது. பக்குவம் என்று நம்மவர் சொல்வது இதனைத்தான். அந்தப் பக்குவத்தின் மீது எனக்கு இன்றும் பெருமதிப்பு உண்டு. ஆயினும் அதன் மீது எனக்கு அச்சமும் வந்தது. அவ்வச்சம் வந்த கதையை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

2016ஆம் ஆண்டு, வடபுலத்துப் பாடசாலை ஒன்றுக்கு நான் அதிபராய்ச் சென்ற முதல் வருடம். பாடசாலையில் மாணவர் சந்தை நடந்தது. பத்தாந் தர மாணவிகள் பால் ரொபி செய்து விற்பதென முடிவுசெய்தனர். அவர்களுள் ஒருத்தியின் தாயார் பால் ரொபி செய்து கடைகளுக்குக் கொடுத்தே குடும்பத்தை நடத்துபவர். மகளும் அவ்வேலையிற் கைதேர்ந்தவள். ஆகவே அகப்பை இயல்பாகவே அவள் கைக்குச் சென்றது. மைதானத்தின் ஓரத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினர். கல் ஒன்று சரிந்தது, தாச்சி சாய்ந்தது, கொதித்த பாகு அவளது இடக்கை மணிக்கட்டின் மீது வழிந்தது. நான் ஓடிச் சென்றபோது யாரோ புண்ணின் மேற் பற்பசையை அப்பியிருந்தார்கள்.

இவ்விடத்தில் இரண்டொரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல என் மனம் ஒப்பவில்லை. கொதிக்கும் தண்ணீர் 100 பாகை செல்சியசில் நிற்கும்; உடம்பிற் பட்டால் வழிந்து ஓடிவிடும். ரொபிப் பாகோ 112 பாகைக்கும் மேலே செல்லும். பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே உள்ளே சுட்டுக்கொண்டிருக்கும். பட்டவுடன் செய்யத்தக்கது, அந்த இடத்தை ஓடும் குளிர்ந்த தண்ணீரின் கீழ் 20 நிமிடமேனும் பிடித்திருப்பது. காப்பு, மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். பற்பசையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். ஒட்டிய பாகை உரிக்கவும் கூடாது. பின்னர் தூய துணியால் தளர மூடிக்கொண்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும். இவற்றை நான் அன்று அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் அந்தக் கையின் வடு சற்றுச் சிறியதாய் இருந்திருக்கலாம்.

மறுநாள் பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் நானே என் கையால் எழுதினேன்: இனிமேற் பாடசாலை வளவினுள் இனிப்புப் பண்டம் எதனையும் மாணவர் சமைத்தல் ஆகாது என்று. அதிபர்கள் அஞ்சும்போது செய்வது இதுவே, எழுதித் தடைசெய்துவிடுவோம். மூன்று கிழமைக்குப் பின் அந்தப் பிள்ளை கட்டோடு வந்து என் மேசைக்கு முன்னே நின்றாள். “சேர், இனி ஒருத்தரும் ரொபி கிண்டக்கூடாதெண்டது என்னாலதானே?” என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். நான் சொன்னது உண்மையன்று என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த வருடச் சந்தையில் அவள் வகுப்பினர் பலூன் விற்றனர். அவள் வேலியோரமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவேதான், தீயும் பாகும் இன்றிப் பிள்ளைகள் செய்யத்தக்க இனிப்பு ஏதேனும் உண்டா என்ற தேட்டம் எனக்கு நெடுநாளாய் இருந்தது. அத்தேட்டம் என்னை ஃபட்ஜிடம் கொண்டுசென்றது.

ஃபட்ஜ் என்பது அமெரிக்க நாட்டுப் பண்டம். அது எப்பொழுது தோன்றிற்று என்பதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று ஒரு மாணவியின் கடிதம். நியூயோர்க் மாநிலத்தில் பொகீப்சி என்னும் ஊரில் வாசர் கல்லூரி என்னும் பெண்கள் கல்லூரி இருந்தது. அது இன்று இருபாலாரும் பயிலும் கல்லூரியாய் விளங்குகின்றது. அங்கே பயின்ற எமெலின் ஹாட்ரிஜ் என்பவர், தம் தோழி ஒருத்தியின் உறவினர் 1886இல் பால்ரிமோர் நகரில் ஃபட்ஜ் செய்து இறாத்தல் 40 சதத்துக்கு விற்றதாகவும், அதன் செய்கைமுறையைத் தாம் பெற்று 1888இல் கல்லூரியின் ஏல விற்பனைக்கு 30 இறாத்தல் செய்துகொடுத்ததாகவும் எழுதியிருக்கின்றார். ஏறக்குறைய பதின்மூன்றரைக் கிலோகிராம்! பெரும் சீனி, பாலாடை, சொக்கலேற், சிறிது பட்டர் ஆகியனவே அதன் பொருள்கள். பின்னர் ஏனைய மகளிர் கல்லூரிகளுக்கும் இப்பழக்கம் பரவியது. இரவு வேளையில் விடுதி அறைகளிலே எரிவாயு விளக்கின் சூட்டில் வைத்து ஃபட்ஜ் கிண்டினர் என்பர். விடுதிப் பொறுப்பாளர்கள் என்ன பாடு பட்டிருப்பார்களோ என்று என் போன்றவர்களுக்கே எண்ணத் தோன்றும். ஹாட்ரிஜ் அம்மையார் பின்னாளில் நியூ ஜேர்சி மாநிலத்தில் பிளெயின்ஃபீல்ட் என்னும் ஊரில் ஒரு பெண்கள் பாடசாலையின் தலைவியாய் அமர்ந்தார் என்று அறிந்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி. மாணவிகள் இரகசியமாய் ஃபட்ஜ் கிண்டியதைக் கண்டபோது அவர் என்ன தண்டனை கொடுத்திருப்பார் என்பதை யார் அறிவார்!

அந்தப் பழைய ஃபட்ஜும் நம் பால் ரொபியும் உடன்பிறந்தவை என்றே சொல்ல வேண்டும். இரண்டிலும் சீனிப் பாகைப் பதம் வரும்வரை காய்ச்சி, பின்னர் சீனி மிக நுண்ணிய பளிங்குகளாய்ப் பூக்கும்படி கிண்டுகின்றோம். ஃபட்ஜுக்கு 112 முதல் 115 பாகை வரை காய்ச்சி, அசைக்காமல் 45 பாகையளவுக்கு ஆறவிட்டு, அதன்பின் கை ஓயுமட்டும் அடிப்பர். சூட்டோடு கிளறினாற் பளிங்கு பருத்து, நாவில் மணல் போல நெருடும். பால் ரொபியில் அந்தச் சிறு நெருடல்தான் நமக்குச் சுவை. ஆகவே அடுப்பு முறையில் ஃபட்ஜ் செய்வது அம்மாவின் தாச்சியை விட எந்த வகையிலும் இலகுவன்று, பாதுகாப்பானதும் அன்று.

இனி அடுப்பை விட்டுக் கலத்துக்கு வருவோம்.

ஸ்லோ குக்கர் என்பது ஒரு தடித்த பீங்கான் பானை. அதனைச் சுற்றி ஓர் உறை. உறையினுள்ளே மின்சாரச் சூடேற்றி. அடியிலே தீ போலக் குத்திச் சுடாமல், பக்கங்களிலிருந்து மெல்ல மெல்லச் சூடு பரவும். இதனைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான எர்விங் நக்சன். லித்துவேனியாவிலே யூதர்கள் ஓய்வுநாளுக்கு முன் மாலையில், அவரையும் இறைச்சியும் இட்ட பானையை ஊர் வெதுப்பகத்தின் அடுப்பில் வைத்துவிடுவர். அணைந்துவரும் அடுப்பின் எஞ்சிய சூட்டிலே அது இரவு முழுவதும் வேகும். இச்செய்தியைத் தம் தாயாரிடம் கேட்ட நக்சன், அந்தச் சூட்டை மின்சாரத்தால் உண்டாக்க முயன்று, 1940இல் காப்புரிமை பெற்றார். 1970இல் ரைவல் என்னும் கம்பனி அதை வாங்கி, 1971இல் ‘குறொக்-பொற்’ என்ற பெயரிற் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் அமெரிக்காவில் வேலைக்குச் செல்லும் பெண்களின் வீடுதோறும் அது நுழைந்தது. உணவை வேகவிட்டு வேலைக்குச் செல்லலாம் என்பதே அதன் பெருமை. சொக்கலேற்றுக்கு அது ஏற்றதாயிருப்பது எதிர்பாராமற் கிடைத்த நன்மை.

நம் நாட்டிலே இக்கலம் பெரும்பாலும் வெளிநாட்டு உறவினரின் பெட்டியிலேதான் வருகின்றது. அதனால் ஓர் எச்சரிக்கை. எனக்கு முதலாவது கலம் கனடாவிலிருந்து வந்தது. அங்கே மின் அழுத்தம் 120 வோல்ற்று; இங்கே 230. மாற்றி இல்லாமற் செருகினேன். பத்து நிமிடத்தில் வீடெல்லாம் நாற்றம், கலம் கரியாயிற்று. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதிருந்ததே எனக்குப் போதுமானதாய் இருந்தது. இரண்டாவது கலம் தங்கை இலண்டனிலிருந்து கொண்டுவந்தது. நம் மின்சாரத்துக்குப் பொருந்தியது. கலத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்தபின்பே செருகுங்கள்.

மின்சாரச் செலவு பற்றிக் கவலை வேண்டாம். இவ்வகைச் சிறிய கலங்கள் 120 முதல் 200 வாற்று வரையிலேயே எடுப்பன. ஒரு மணி நேரம் வைத்தாலும் ஓர் அலகில் ஐந்திலொரு பங்கைத் தாண்டாது. செலவெல்லாம் சொக்கலேற்றிலேதான். 2024ஆம் ஆண்டிலே கொக்கோவின் விலை உலகச் சந்தையில் முன்னொருபோதும் காணாத உயரத்துக்குச் சென்றதை அறிவீர்கள். ஆதலால் இது நாள்தோறும் செய்யும் பண்டமன்று. பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் உரியது.

தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புச் சொக்கலேற் 400 கிராம். ரின்பால் ஒரு பேணி, அஃதாவது ஏறத்தாழ 400 கிராம். பெரிய பேணியானால் நிறுத்து எடுங்கள். முழுவதையும் ஊற்றிவிட்டால் இறுகாது. பட்டர் 30 கிராம். வனிலா ஒரு தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. விருப்பமாயின் வறுத்த கஜு 100 கிராம். பாற்சொக்கலேற் விரும்புவோர் 400க்குப் பதிலாக 500 கிராம் எடுக்க வேண்டும். பாற்சொக்கலேற்றிற் கொக்கோ குறைவு. நம் வெயிலுக்கு அது இலகுவில் இளகிவிடும்.

சொக்கலேற் வாங்கும்போது உறையின் பின்புறத்தை வாசியுங்கள். கொக்கோ பட்டர் என்று எழுதியிருந்தால் அது மெய்யான சொக்கலேற். அதற்குப் பதிலாகத் தாவர எண்ணெய்க் கொழுப்பு என்று மாத்திரம் எழுதியிருந்தால் அது வேறு. விலையும் குறைவு, வெயிலுக்கும் ஓரளவு தாங்கும். ஆனால் வாயில் இட்டாற் கரையாமல் மெழுகு போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கொக்கோ பட்டரின் சிறப்பே அது 34 பாகையளவில், அஃதாவது நம் உடற்சூட்டுக்குச் சற்றுக் கீழே, உருகிவிடுவதுதான். சொக்கலேற் நாவிலே கரைவதன் இரகசியம் இது. மாத்தளை, கண்டி, குருநாகல் மாவட்டங்களில் கொக்கோ மரம் வளர்க்கும் நாட்டினராகிய நாம் இந்த வேறுபாட்டை அறிந்திருத்தல் தகும்.

முதலிற் பீங்கான் பானையை ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். அகப்பையும் உலர்ந்ததாய் இருக்கட்டும். மரத்தால் ஆனதோ ரப்பரால் ஆனதோ நல்லது. தண்ணீர் சொக்கலேற்றுக்குப் பகை. சொக்கலேற் என்பது கொக்கோத் தூளும் சீனித் தூளும் கொழுப்பிலே மிதக்கும் ஒரு கலவை. அதில் இரண்டு துளி நீர் விழுந்தால், சீனி அந்த நீரைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டும். பளபளப்பாய் உருகிய பொருள் ஈரமணலாய்த் திரண்டுவிடும். சொக்கலேற்றைக் கடலைப் பருப்பளவு துண்டுகளாய் நறுக்கிப் பானையில் இடுங்கள். அதன் மேல் ரின்பாலை ஊற்றி, பட்டரைப் போட்டு, ஒருமுறை கிளறிவிட்டு, ஆகக் குறைந்த சூட்டில், ‘லோ’ என்று குறித்த இடத்தில் வையுங்கள்.

மூடி போட வேண்டாம். பலரும் பிழைவிடும் இடம் இதுவே. ஸ்லோ குக்கரின் மூடியில் நீராவி படிந்து துளியாய் மீண்டும் பானைக்குள் விழும். இறைச்சிக் கறிக்கு அது நன்மை. நமக்கு அதுவே கேடு. மூடி இல்லாவிட்டாற் சூடு போதாதே என்று எண்ணாதீர்கள். சொக்கலேற் உருகுவதற்கு வேண்டிய சூடு சொற்பமே. கூடுதலான சூடே அதற்கு ஆகாது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து துழாவுங்கள். பக்கங்களிலேதான் சூடு மிகுதி. ஆதலால் ஓரங்களை வழித்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் இருபது நிமிடத்தில் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். சூட்டைக் கூட்டக் கை பரபரக்கும். கூட்டாதீர்கள். அரைமணி கழிந்தபின் திடீரெனக் கலவை இளகி ஒன்றாகும். நாற்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், கட்டி எதுவும் இல்லாமல், அகப்பையால் தூக்கினால் நாடாப் போலத் தடித்து விழும் பதம் வரும். அப்பொழுதே மின்சாரத்தை நிறுத்திச் செருகியையும் கழற்றிவிட வேண்டும். பீங்கான் தன் சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும். ஆகவே கலவையை அதனுள்ளே விட்டுவைக்கக் கூடாது. வனிலாவையும் உப்பையும் கஜுவையும் உடனே கலந்து, 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில் எண்ணெய்த்தாள் விரித்துக் கொட்டுங்கள். தாள் தட்டின் விளிம்புக்கு மேலே சற்று நீண்டிருக்கட்டும். பின்னர் அதைப் பிடித்தே தூக்கிவிடலாம்.

கலவையில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தாற் சூடு மிகுந்துவிட்டது என்பது பொருள். எறிந்துவிட வேண்டாம். பானையை உறையிலிருந்து எடுத்து வைத்து, ஒரு மேசைக்கரண்டி சூடான பாலை விட்டு ஊக்கமாய்த் துழாவினாற் பெரும்பாலும் சேர்ந்துவிடும். தண்ணீர் பகை என்றவர் பால் விடச் சொல்கின்றாரே என்று கேட்பீர்கள். தனிச் சொக்கலேற்றில் விழும் இரண்டு துளிதான் கேடு. ரின்பாலோடு கலந்து நெகிழ்ந்த பின்னர், பிரிந்த கொழுப்பைச் சேர்த்துக்கட்டச் சிறிதளவு நீர் உதவும். ஆனால் ஒரு கரண்டிக்கு மேலே போகாதீர்கள்.

தட்டு அறைச் சூட்டுக்கு ஆறியபின் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் வையுங்கள். வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால், எட்டுக்கு எட்டாக 64 துண்டுகள் வெட்டலாம். சிறிய துண்டே போதும். இது மிக இனிப்பு. நீரிழிவு உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்டதோடு நிறுத்திக்கொள்வது நலம். காற்றுப் புகாத பேணியில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு கிழமைவரை கெடாது. பீங்கான் பானையைச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரின் கீழ் பிடிக்காதீர்கள், வெடிக்கும். ஆறவிட்டுக் கழுவுங்கள். அதற்கு முன் ஒரு கோப்பை சூடான பாலை அந்தப் பானையில் விட்டுச் சுரண்டிக் குடிப்பது என் வழக்கம். இதனை என் மாணவர்கள் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள் என நம்புகின்றேன்.

இது மெய்யான ஃபட்ஜ்தானா என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். கேட்கத்தக்க கேள்வியே. பாகு காய்ச்சவில்லை, பளிங்கு பூக்கவில்லை, அடிக்கவும் இல்லை. இதனை இறுக வைப்பது கொக்கோ பட்டரும், ஏற்கெனவே சுண்டக் காய்ச்சப்பட்ட ரின்பாலின் தடிப்பும்தான். பாகு காய்ச்சும் வேலையை நமக்காக முன்னரே எங்கோ ஒரு தொழிற்சாலை செய்துவிட்டது என்றும் சொல்லலாம். 1856இல் கேல் போர்டன் என்னும் அமெரிக்கர் பாலைச் சுண்டக் காய்ச்சும் முறைக்குக் காப்புரிமை பெற்றிராவிட்டால் இந்த எளிய வழி நமக்கு இல்லை. ஆகவே இலக்கணப்படி இதற்கு ஃபட்ஜ் என்னும் பெயர் ஆகுபெயர் என்று கொள்ளலாம். ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவந்தது. அடுப்பில் அடித்துச் செய்த ஃபட்ஜின் உதிரும் தன்மை இதற்கு இல்லை. இது வழுவழுப்பானது, சற்று இழுபடுவது. இரண்டையும் உண்டவன் என்ற முறையிற் சொல்கின்றேன்: அடுப்பில் வந்ததே மேலானது. ஆனால் அதனைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நான் கொடுக்கமாட்டேன். இதனைக் கொடுப்பேன்.

கொடுத்தும் பார்த்தேன். 2023ஆம் ஆண்டு, மாணவர் சந்தை மீண்டும் வந்தது. மனைப் பொருளியல் ஆசிரியையிடம் என் கலத்தைக் கொடுத்து, ஏழாந் தரப் பிள்ளைகளைக் கொண்டு ஃபட்ஜ் செய்விக்குமாறு கேட்டேன். அவர் உதவிக்குப் பழைய மாணவி ஒருத்தியை அழைத்திருப்பதாகச் சொன்னார். காலையில் வந்து பார்த்தபோது, நான் முன்னர் சொன்ன அந்தப் பிள்ளை நின்றாள். இருபத்திரண்டு வயது; முன்பள்ளி ஒன்றில் ஆசிரியை. சிறுவர்கள் பானையைச் சுற்றி நிற்க, பத்து நிமிடத்துக்கு ஒருவராய் அகப்பையைக் கொடுத்து முறைபார்த்துக்கொண்டிருந்தாள். பானையை நோக்கிச் சாய்ந்த ஒரு சிறுவனைத் தன் இடக்கையால் மெல்ல விலக்கினாள். மணிக்கட்டில் வடு அப்படியே இருந்தது.

என்னைக் கண்டு அருகில் வந்து, “சேர், இது நல்ல சாமான். ஆனா நாளைக்குத் தாச்சியையும் வைப்பமோ? நான் கிண்டுறன்” என்றாள்.

நேயர்களே, நான் உடனே விடை சொல்லவில்லை. கலத்தைக் கொண்டுவந்ததால் என் கடன் தீர்ந்துவிட்டது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அந்தத் தடையை எழுதியது பிள்ளைகளைக் காக்கவா, என்னைக் காக்கவா என்ற கேள்வி அப்பொழுதுதான் என் முன் வந்து நின்றது. மூன்று கல் அடுப்பை ஒரு சீமெந்துத் திட்டின் மேல் அசையாத இரும்பு அடுப்பாய் மாற்றியிருந்தாலே போதுமாயிருந்திருக்கும். அன்று மாலை சம்பவத் திரட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அதில் எழுதியதை வெட்ட எவருக்கும் அதிகாரம் இல்லை. ஆதலாற் புதிதாய் ஒரு பந்தி எழுதினேன்: மாணவர் பாகு காய்ச்சலாகாது, வளர்ந்தவர் ஒருவர், நிலையான அடுப்பில், நீண்ட பிடியுள்ள அகப்பையோடு, அருகிலே தண்ணீர்க் குழாய் இருக்க, மாணவர் ஒரு பாகம் தூரத்தில் நின்று பார்க்கக் காய்ச்சலாம் என்று.

மறுநாள் இரண்டு தட்டுகளும் அருகருகே இருந்தன. ஃபட்ஜ் முதலில் முடிந்தது, புதுப்பண்டம் அல்லவா. பால் ரொபி சற்று நேரம் கழித்து முடிந்தது. பத்து மணிக்குப் பின் வெயில் ஏறியதும் ஃபட்ஜ் துண்டுகள் தாளோடு ஒட்டத் தொடங்கின என்பதையும் நான் மறைக்கக் கூடாது. கடைசித் துண்டுகளைச் சிறுவர்கள் விரலால் வழித்தே உண்டனர். சந்தைக்கு அந்தப் பிள்ளையின் தாயாரும் வந்திருந்தார். ஒரு துண்டு ஃபட்ஜை வாயிலிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் சுவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “இது ரொபி இல்லை, ஐயா. ஆனா நல்லாயிருக்கு. வெயிலுக்கு இளகிப்போகும், கடைக்குக் குடுக்கேலாது” என்றார். சொக்கலேற் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். “ஐஸ்பெட்டி வைச்சிருக்கிற வீடுகளுக்கு, பிறந்தநாளுக்கெண்டு சொல்லிக் கேட்டாச் செய்யலாம். அந்தப் பானை எங்கை வாங்கலாம், ஐயா?” என்றார்.

கனடாவிலிருந்து வருவதை மட்டும் வாங்க வேண்டாம் என்று அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதனையே மீண்டும் சொல்லி, எனக்களித்த நேரம் முடிவதால் விடைபெறுகின்றேன்.